குசினிக்குத் தொழிற்சாலைக் கோலம் தேவைதானா?



புதிதாக வீடு கட்டுபவர்களும் பழைய வீட்டைத் திருத்துபவர்களும் இப்போது ஒரு சொல்லை அடிக்கடி உச்சரிக்கக் கேட்கிறோம். 'இன்டஸ்ட்ரியல் ஸ்டைல்' குசினி! பூசாத செங்கல் சுவர், வெளியே தெரியும் இரும்புக் குழாய்கள், கறுப்புச் சட்டங்களில் பொருத்திய பலகைத் தட்டுகள், மேலிருந்து தொங்கும் பெரிய மின்குமிழ்கள், நடுவே பளபளக்கும் உருக்கு மேசை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேசன் பாஸிடம் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள். படத்தைக் காட்டுபவர் பெரும்பாலும் வீட்டு ஆண்மகன். அந்தக் குசினியில் நாள் முழுக்க நிற்கப் போகிறவர் அவரல்லர்.

அரபு மத்ரஸாவில் கற்பிக்கும் ஒருவருக்குக் குசினியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கக் கூடும். விடுதியில் தங்கி ஓதிய எங்களுக்குப் பெரிய குசினி ஒன்று இயங்கும் விதம் ஓரளவு தெரியும். முறை வைத்து அரிசி கழுவியிருக்கிறோம், கிடாரம் தேய்த்திருக்கிறோம். நூற்றுக்கணக்கானோருக்குச் சோறாக்கும் இடத்தில் ஒரு சாமானும் அழகுக்காக வைக்கப்படுவதில்லை. அகப்பை தொங்கும் இடத்தில் தொங்கும். கழுவும் இடம், நறுக்கும் இடம், அடுப்பு, பரிமாறும் இடம் என்று வேலை ஒரே திசையில் நகரும். சமையற்கார நானா இருட்டிலும் கையை நீட்டி உப்பை எடுப்பார். தொழிற்சாலைக் குசினி என்பதன் உயிர் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. செங்கல்லிலும் மின்குமிழிலும் அல்ல.

கோலம் வந்த வழி

இந்தக் கோலம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. நியூயோர்க் நகரில் சோஹோ என்றொரு பகுதி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள் நிறைந்த இடம். அவற்றில் துணி ஆலைகளும் களஞ்சியங்களும் இயங்கின. தொழில்கள் ஒவ்வொன்றாக வெளியேற, 1960களில் வாடகை குறைவு என்ற காரணத்தால் ஓவியர்களும் சிற்பிகளும் அந்த வெற்றுத் தளங்களில் குடியேறினார்கள். சட்டப்படி அது குடியிருப்பு இடமல்ல. 1971ஆம் ஆண்டிலேயே கலைஞர்கள் அங்கு வசிப்பதை நகர நிர்வாகம் சட்டபூர்வமாக்கியது. ஆலையின் செங்கல்லும் குழாயும் இருந்தபடியே இருந்தன. பிறகு 1978இல் ஜோன் குரோன், சுசான் ஸ்லெசின் ஆகிய இருவர் எழுதிய 'ஹை-டெக்' என்ற நூல், ஆலைகளிலும் உணவகங்களிலும் பாவிக்கும் சாமான்களை வீட்டுக்குள் கொண்டுவரும் பாணியை எங்கும் பரப்பியது.

கையில் காசில்லாதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, காசுள்ளவர்களின் அலங்காரமாகிவிட்டது. இன்று நம்மவர்கள் நன்றாகப் பூசிய சுவரை உடைத்துச் செங்கல்லை வெளியே காட்டுவதற்குக் கூலி கொடுக்கிறார்கள். வீண்விரயம் பற்றி இங்கு பயான் செய்ய நான் வரவில்லை. காசைச் செலவிடத்தான் போகிறோம் என்றால் எங்கே செலவிடுவது என்பதே கேள்வி.

நமது வீடுகளில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முன்னால் ஒரு 'பென்ட்ரி'. அதற்கு விலையுயர்ந்த அலுமாரிகள், கிறனைட் கல், மின்னும் குழாய்கள். அங்கே தேநீர் ஊற்றுவார்கள்; விருந்தாளி வந்தால் காட்டுவார்கள். அதன் பின்னால் தகரக் கூரையின் கீழ் உண்மையான குசினி. அங்கேதான் தேங்காய் துருவுவதும், மீன் வெட்டுவதும், புரியாணி ஆக்குவதும். சுவரெல்லாம் கரி. ஒற்றை மின்குமிழ். தண்ணீர் போக வழியில்லாத தரை. பென்ட்ரிக்கு இலட்சக் கணக்கில் கொட்டியவர், பின் குசினிக்கு வந்ததும் "அது பொம்பிளைகள் சமாளிப்பார்கள்" என்று சொல்லிவிடுகிறார். இன்டஸ்ட்ரியல் ஸ்டைல் என்று இப்போது கேட்பதும் பென்ட்ரிக்குத்தான். ஹோட்டல் குசினியின் அறிவு உண்மையில் தேவைப்படுவதோ பின்னால்!

தொழிற்சாலையின் யோசனை

தொழிற்சாலையின் தோற்றம் வீட்டுக்குள் நுழைவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் யோசனை நுழைந்துவிட்டது. ஆலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் மணிக்கூடு வைத்து அளந்த காலம் அது. கிறிஸ்டீன் ஃபிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி அதே அளவையைத் தன் குசினிக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவ எத்தனை எட்டு நடக்கிறோம், எத்தனை தடவை குனிகிறோம் என்று கணக்கிட்டு 1912இல் பெண்கள் சஞ்சிகையொன்றில் எழுதினார்.

அந்த வழியில் வந்ததுதான் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் குசினி. முதலாம் உலகப் போருக்குப் பிறகு அந்நகரில் வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகரசபை தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆயிரக் கணக்கில் வீடுகளைக் கட்டியது. அவற்றுக்கான குசினியை 1926இல் வரைந்தவர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் உள்ள சிறிய குசினியை அவர் அவதானித்தார். அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து ஏறத்தாழ 6 அடி அகலமும் 11 அடி நீளமும் கொண்ட ஒரு குசினி பிறந்தது. வெளிச்சம் விழும் யன்னலுக்கு நேரே நறுக்கும் மேசை. உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. அரிசி, சீனி, பருப்புக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். இழுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் பெட்டி, புழு பிடிக்காதிருக்க. ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் இதைப் பொருத்தினார்கள். இன்று நாம் 'பென்ட்ரி' என்று சொல்லும் பொருத்துக் குசினிகளுக்கெல்லாம் மூத்தம்மா இதுதான்.

ஒரு செய்தி பலரை வியக்க வைக்கும். இதை வரைந்த அந்தப் பெண்மணி அதற்கு முன் வீட்டில் சமைத்துப் பழகியவரே அல்லர். அதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். கணக்கும் அவதானமுமே அவருடைய கருவிகள். அவருடைய கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் குசினி ஒரே ஓர் ஆளுக்காகக் கணக்கிடப்பட்டிருந்தது. இரண்டாமவர் உள்ளே வந்தால் முழங்கை இடிக்கும். பிள்ளைக்கு உட்கார இடமில்லை. தனியே ஒரு பெண் நின்று வேகமாக வேலை முடிக்கும் அறையாக அது இருந்தது. பிற்காலத்துப் பெண்களே இதைக் கடுமையாக விமர்சித்தார்கள்.

நமது குசினியைப் பாருங்கள். நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் ஒரு வீட்டுக்குள் போனால், உம்மா கஞ்சியைக் கிண்டுவார். ராத்தா சமோசா மடிப்பார். மாமி பழம் வெட்டுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு கோப்பையோடு வாசலில் நிற்கும். கந்தூரி, கல்யாணம் என்றால் சொல்லவே தேவையில்லை. நான்கு பெண்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் கடந்து போக வேண்டிய இடம் அது. ஆகவே நீங்கள் பிராங்ஃபர்ட்டிலிருந்து இழுப்பறையை எடுங்கள். யன்னலோர மேசையை எடுங்கள். முக்காலியைக் கட்டாயம் எடுங்கள். ஒடுக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டு பக்க மேசைகளுக்கும் நடுவே 4 அடியாவது விடுங்கள். கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் திரும்பும்போது மற்றவர் பின்னால் நிற்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

உயரம்

கடைகளில் விற்கும் பொருத்துக் குசினிகளின் மேசை உயரம் பெரும்பாலும் 36 அங்குலம். அது மேல்நாட்டவரின் உடலுக்கு வகுத்த அளவு. 5 அடி உயரமுள்ள நமது தாய்மார் அதில் வெங்காயம் நறுக்கும்போது தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். போதாததற்கு, நாம் கேஸ் குக்கரை அந்த மேசையின் மேலேயே வைக்கிறோம். குக்கரின் உயரம், அதன்மேல் சட்டியின் உயரம்... நெஞ்சுக்கு நேரே கையை உயர்த்திக் கறி கிண்டும் பெண்ணுக்கு மாலையில் தோளும் கழுத்தும் நோகாமல் வேறென்ன நோகும்?

ஹோட்டல் குசினியைப் பாருங்கள். பெரிய சட்டி வைக்கும் அடுப்பு முழங்கால் உயரத்திலேயே இருக்கும். அங்கே அளவைத் தீர்மானிப்பது வேலை. வீட்டிலும் அப்படியே செய்யலாம். சமைப்பவரைச் செருப்போடு நிற்க வைத்து, முழங்கையை மடித்து, தரையிலிருந்து முழங்கை வரை அளவுங்கள். நறுக்கும் மேசை அதைவிட 4 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். ரொட்டிக்கு மா பிசைய இன்னும் 2 அங்குலம் தாழ்ந்தால் நல்லது. குக்கர் வைக்கும் பகுதியை, குக்கரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். பாஸ்மார் "லெவல் பிழைக்கும்" என்று முணுமுணுப்பார்கள். பிழைக்கட்டும்.

கழுவும் தொட்டியின் கதையும் இதுதான். ஹோட்டல்களில் கழுவ, அலச, கிருமி நீக்க என்று மூன்று தொட்டிகள் வைப்பார்கள். நமக்கு இரண்டு போதும்; ஆனால் ஒன்று ஆழமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பெரிய சஹனின் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். சஹன் நுழையாத தொட்டியை வாங்கிவிட்டு, கிணற்றடியில் குந்தியிருந்து தேய்க்கும் வீடுகள் எத்தனை!

புகையும் கேஸும்

இனி உயிரோடு சம்பந்தப்பட்ட விடயத்துக்கு வருவோம். விறகு முதலிய எரிபொருட்களின் புகை வீட்டுக்குள் தேங்குவதால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. எமது நாட்டில் பெருந்தொகையான வீடுகளில் இன்றும் விறகு எரிகிறது. 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது, கொழும்பின் வசதியான வீடுகளிலும் விறகடுப்பைத் தேடினார்கள். ஆகவே விறகடுப்பே இல்லாத குசினியை வரைவது நமக்கு முழுப் புத்தியாகாது. ஒரு மூலையில் அனகி அடுப்புக்காவது இடம் வையுங்கள். ஒரே நெருப்பில் இரண்டு சட்டி வைக்கக் கூடிய இந்தக் களிமண் அடுப்பு விறகைக் குறைவாகவே தின்னும். அதன் மேலே புகைக்கூண்டு வேண்டும்.

புகைக்கு வழிவிடுவதைப் பெரிய குசினிகளைக் கட்டியவர்கள் எப்போதும் முதல் வேலையாகக் கொண்டார்கள். இஸ்தான்பூலின் தொப்காபி அரண்மனைக்குப் போனவர்கள் கடற்பக்கத்திலிருந்து வரிசையாகத் தெரியும் உயரமான புகைக்கூண்டுகளைக் கண்டிருப்பார்கள். 1574ஆம் ஆண்டின் தீ விபத்துக்குப் பின் அந்தக் குசினிகளைத் திருத்தியமைத்தவர் பள்ளிவாசல்களால் புகழ்பெற்ற சினான்தான். சூடும் புகையும் மேலெழும் என்ற எளிய உண்மையின் மீது குவிமாடங்களையும் கூண்டுகளையும் எழுப்பினார்கள். பார்ப்பதற்கும் என்ன அழகு!

நமது பாஸ்மார் கட்டும் கூண்டுகள் பல கூரையைத் தாண்டியதும் நின்றுவிடுகின்றன. காற்று திரும்பினால் புகை அப்படியே உள்ளே இறங்கும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் கூரை எதனையும்விட 2 அடியாவது கூண்டு உயர்ந்து நிற்க வேண்டும். கேஸ் அடுப்புக்கு மேல் உறிஞ்சும் விசிறி வைத்தால், அதன் குடை அடுப்பைவிட இரு பக்கமும் அரை அடி அகன்றிருக்கட்டும். அடுப்பளவுக்கே வெட்டிய குடை, பொரிக்கும் எண்ணெய்ப் புகையில் பாதியைத் தப்ப விட்டுவிடும். இன்னொன்று: விசிறி காற்றை வெளியே தள்ளும்போது அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். யன்னல் கதவெல்லாம் மூடிவிட்டு விசிறியைப் போட்டால் அது சத்தம் போடுமே தவிர வேலை செய்யாது.

கேஸைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியது, அது காற்றைவிடப் பாரமானது என்பது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் வீடுகளில் கேஸ் கசிவும் தீயும் வெடிப்பும் தொடர்ந்து நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரில் அடைக்கும் வாயுக்களின் கலவை மாற்றப்பட்டதே காரணம் என ஆராய நியமிக்கப்பட்ட குழு கூறியது. கலவை நமது கையில் இல்லை. சிலிண்டர் நிற்கும் இடம் நமது கையில் இருக்கிறது. அழகுக்காக அதை மேசைக்குக் கீழே அலுமாரிக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஹோட்டல்களில் சிலிண்டர்களை வெளியே கூண்டுக்குள் வைத்து உலோகக் குழாயால் உள்ளே கொண்டுவருவதைக் காணலாம். வீட்டுக்கும் அதுவே நல்லது. முடியாதென்றால், அலுமாரிக்குக் கதவு வேண்டாம். அருகே தரை மட்டத்தில் சுவரில் வெளியே திறக்கும் துவாரம் வையுங்கள். மேலே எத்தனை யன்னல் இருந்தாலும் கசிந்த கேஸுக்கு அவை வழியாகா.

ஹோட்டல்களுக்கான பெரிய அடுப்பையே வாங்கி வீட்டுக்குள் பொருத்த விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவற்றின் வெளிப்பக்கம் சூடு தடுக்கப்படாமல் கொதிக்கும்; பக்கத்துப் பலகை கருகும்; ஓடிவரும் பிள்ளையின் கை பட்டால் தோல் போய்விடும். கிடார அடுப்பின் இடம் பின் வளவுதான்.

உருக்கும் மற்றவையும்

துருப்பிடிக்காத உருக்கு மேசை வாங்குவதென்றால் காசுக்குப் பெறுமதிதான். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரெயர்லி என்பவர் துப்பாக்கிக் குழல் தேயாதிருக்க வழி தேடும்போது கண்டெடுத்த உலோகம், இன்று நமது தேசிக்காய்ப் புளியையும் தாங்குகிறது. 304 என்ற வகையைக் கேளுங்கள். அதில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கடைக்காரர் காந்தம் வைத்து, "பாருங்கள், ஒட்டவில்லை" என்பார். மலிவான சில வகைகளிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே பற்றுச்சீட்டில் வகையை எழுதி வாங்குங்கள். பேருவளை, காலி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக் காற்றில் 304உம் மஞ்சள் பூக்கும் என்பதை அறிந்துகொள்ளட்டும். அடிக்கடி நல்ல தண்ணீரால் துடைத்தால் போதும். வெளுப்புத் திரவமும் இரும்பு நாரும் அதற்குப் பகை. கீறல் விழும், விழத்தான் செய்யும். கீறல் விழாத உருக்கு மேசை சமைக்காத வீட்டில்தான் இருக்கும்.

சீமெந்து மேசை மலிவு, பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆனால் புளியும் வினாகிரியும் அதை அரிக்கும். பூசாத செங்கல் எண்ணெயைக் குடித்து மணக்கும். அடுப்புக்குப் பின்னால் மட்டுமாவது கழுவக் கூடிய டைல்ஸ் பதியுங்கள். திறந்த தட்டுகளில் தினமும் எடுக்கும் கோப்பை பீங்கான்களை மட்டும் வைக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதை வைத்தால் பல்லியும் தூசியும் பங்குக்கு வரும். வெளியே தெரியும் தண்ணீர்க் குழாயை நான் ஆதரிக்கிறேன், ஏனெனில் எங்கே ஒழுகுகிறது என்று சுவரை உடைக்காமல் தெரியும். தொங்கும் மின்குமிழ்கள் உங்கள் விருப்பம். நறுக்கும் கைக்கு நிழல் விழாமல் இருந்தால் சரி.

தரையை மறக்க வேண்டாம். ஹோட்டல் குசினிகளில் தரையும் சுவரும் சந்திக்கும் மூலையை வளைத்துப் பூசியிருப்பார்கள், அழுக்குத் தங்காதிருக்க. 10 அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வைத்து, தண்ணீர் ஒரு துவாரத்தை நோக்கி ஓடச் செய்திருப்பார்கள். மீன் கழுவி, தேங்காய் பிழிந்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் நமது பின் குசினிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு ஒன்றில்லை. கூலியும் பெரிதாகக் கூடாது. தரை போடும் அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும்.

கல் வைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அறையின் தரையில் அடுப்பு, தொட்டி, மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அவற்றின் உண்மை அளவில் சோக்கட்டியால் கீறுங்கள். உம்மாவையும் மனைவியையும் மருமகளையும் அழைத்து, கையில் ஒரு பெரிய சட்டியைக் கொடுத்து, சோறும் கறியும் ஆக்குவதுபோல் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். மேசன் பாஸையும் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். எங்கே இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை என்று அவர்கள் சொல்லும் இடத்தில் கோட்டை அழித்து மாற்றிக் கீறலாம்.